"உங்க பேச்சு ஒரு மாதிரி இருக்கே, எந்த ஊரு?" – வட்டார வழக்கு பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துல பொறந்து வளந்தவ. வேலைக்குன்னு சென்னைக்கு வந்து பதினாலு வருசம் ஆச்சு. நாள் பூரா ஃபோன்ல கஸ்டமர்கிட்ட பேசுற வேலை, இப்ப அஞ்சு வருசமா புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்குறேன். கன்னியாகுமரில இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எல்லா ஊர்ப் பேச்சும் ஹெட்செட் வழியா காதுல விழுந்துட்டே இருக்கும். அந்தப் பிள்ளைங்க திரும்பத் திரும்ப கேக்குறது, சொந்தக்காரங்க கேக்குறது, எனக்கு நானே கேட்டுக்கிட்டது எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருவோம்னுதான் இது.

கேள்வி: வட்டார வழக்குன்னா ஸ்லாங்தானே?

இல்லங்க, ரெண்டும் வேற. ஸ்லாங்குங்கறது ஒரு வயசுக்காரங்க, ஒரு கூட்டம், கொஞ்ச காலம் பேசிட்டு விட்டுடுற சொல்லு. காலேஜ்ல நாங்க பேசுனதுல பாதி இப்ப உள்ள பிள்ளைங்களுக்குப் புரியாது. வட்டார வழக்கு அப்படி இல்ல, ஒரே ஊர்ல அஞ்சு வயசுப் பிள்ளையும் எழுபது வயசு ஆச்சியும் ஒரே மாதிரி பேசுறது, அதுக்குன்னு ஒழுங்கா இலக்கணம் உண்டு. 'சொல்றேன்'ங்கறத எங்க ஊர்ல 'சொல்லுதேன்'னு சொல்லுவோம், 'பாக்குறேன்' எங்களுக்கு 'பாக்கேன்', 'கேக்குறேன்' 'கேக்கேன்'. எந்த வினைக்கு எது வரும்னு பள்ளிக்கூடம் பக்கமே போகாத எங்க ஆச்சிக்குக்கூட தப்பே வராது. அதே 'பாக்குறேன்' கோயம்புத்தூர்ல 'பாக்கறனுங்', யாழ்ப்பாணத்துல 'பாக்கிறன்'.

பேச்சுல வித்தியாசம் மூணு இடத்துல தெரியும். ஒண்ணு ஒலி, அதாவது இழுக்குறது, அமுக்குறது, எங்க ஏத்தி எங்க எறக்குறதுங்கறது. ரெண்டாவது சொல்லு, தொட்டுக்கிற கறியை தெக்க 'வெஞ்சனம்'னு சொல்லுவாங்க, விருந்தாளி வந்தா கொங்குப் பக்கம் 'ஒறம்பரை வந்திருக்குது'ம்பாங்க. மூணாவதுதான் மேல சொன்ன வினைமுடிவு. ஆக்சென்ட்டுன்னு நம்மாளுங்க சொல்றது பெரும்பாலும் முதல் விசயம் மட்டும்தான், ஆனா கேக்குறவங்க மூணையும் சேத்து வச்சுத்தான் 'இந்த ஆளு இன்ன ஊரு'ன்னு முடிவு பண்றாங்க.

கேள்வி: நான் நார்மலாத்தானே பேசுறேன், எனக்கு எந்த ஆக்சென்ட்டும் இல்லையே?

உங்க ஊர்ல இருக்குற வரைக்கும் யாருக்குமே இருக்காது. நீங்க பஸ் ஏறி நாகர்கோவில்ல எறங்கி ஒரு டீ கேட்டுப் பாருங்க, கடைக்காரர் நிமுந்து பாப்பாரு.

கேள்வி: எந்த ஊர்த் தமிழ் சுத்தமான தமிழ்? தஞ்சாவூரா, மதுரையா?

இந்தச் சண்டை ரொம்பப் பழசு. தொல்காப்பியத்துலயே செந்தமிழ் நிலம்னு ஒண்ணும், அதைச் சேந்த பன்னிரண்டு நிலமும் வருது. செந்தமிழ் நிலம் எதுன்னு பழைய உரைகாரங்க எல்லை கட்டுறப்போ வைகையாத்துக்கு வடக்க, மருதையாத்துக்குத் தெக்க, கருவூருக்குக் கெழக்க, மருவூருக்கு மேக்கன்னு சொல்லிருக்காங்க. அந்தக் கணக்குல பாத்தா எங்க திருநெல்வேலி வெளிய, கோயம்புத்தூர் வெளிய, சென்னையும் வெளிய. ஆனா இதோட நிறுத்திட்டா பாதி விசயம்தான். அதே தொல்காப்பியம் செய்யுளுக்கு உதவுற சொல்லு நாலு வகைன்னு சொல்லி இயற்சொல், திரிசொல், வடசொல்லோட திசைச்சொல்லையும் சேத்து வைக்குது. திசைச்சொல்லுன்னா அந்தப் பன்னிரண்டு நிலத்துல இருந்து வர்ற சொல்லு. அதாவது வட்டாரச் சொல்லு கவிதைக்குள்ள வரலாம்னு இலக்கணமே எடம் குடுத்திருக்கு. எனக்கு இதைப் படிச்ச அன்னைக்கு வந்த சந்தோசம் சொல்லி மாளாது, ஏன்னா ஸ்கூல்ல கட்டுரைல 'உறங்குனான்'னு எழுதுனதுக்கு எனக்கு மார்க்கு கொறைச்சிருக்காங்க.

உரைகாரங்க உதாரணமும் குடுத்திருக்காங்க, குட்டநாட்டுக்காரங்க தாயைத் 'தள்ளை'ன்னு சொல்லுவாங்கன்னு. இன்னைக்கும் மலையாளத்துல 'தள்ள'ன்னா தாய்தான், கன்னியாகுமரி மாவட்டத்துலயும் அந்தச் சொல்லு வாயில இருக்கு. எத்தனையோ நூறு வருசம் முன்னாடி யாரோ காதால கேட்டு எழுதி வச்ச சொல்லு இன்னும் ஒரு வீட்டு அடுப்படில கேக்குதுன்னா அதை எப்படிக் கொச்சைன்னு சொல்ல மனசு வரும்?

நேரடியாச் சொல்லணும்னா எந்த ஊரும் முழுசா சுத்தம் கிடையாது, எந்த ஊரும் முழுசா கெட்டும் போகல, ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பழசைப் பிடிச்சு வச்சிருக்கு. 'உது, உவன், உங்க'ன்னு நடுவுல இருக்குறதைச் சுட்டுற சொல்லை நாம பள்ளிக்கூடத்துல சுட்டெழுத்துன்னு மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதிட்டு மறந்துட்டோம், யாழ்ப்பாணத்துல அதை இன்னும் பேச்சுல புழங்குறாங்க. மட்டக்களப்புத் தமிழ்தான் பேச்சுத் தமிழ்லயே எழுத்துத் தமிழுக்கு ரொம்ப நெருக்கமா இருக்குன்னு செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் சொல்லிருக்காரு. தஞ்சாவூரும் மதுரையும் அடிச்சுக்கிட்டு இருக்கையில பரிசு கடல் தாண்டிப் போயிருச்சு.

டிவில வர்ற 'பொதுத் தமிழ்' இருக்கே, அதுவும் ஒரு வழக்குதான். படிச்சவங்க, டவுன்காரங்க பேசி, சினிமாவும் ரேடியோவும் காலேஜும் பரப்பி விட்டதால அது எல்லாருக்கும் பழகிருச்சு. வீட்டுல யாரும் 'இருக்கிறார்கள்'னு பேசுறது கிடையாது.

கேள்வி: சென்னைத் தமிழ் மட்டும் கெட்டுப்போன தமிழ்தானே, அதையாவது ஒத்துக்கோங்க?

ஒத்துக்க மாட்டேன், இதுக்குக் கொஞ்சம் நீளமா சொல்லணும்.

'வந்து கொண்டு' இருக்குல்ல, அந்தக் 'கொண்டு'தான் பேச்சுல தேஞ்சு தேஞ்சு ஒவ்வொரு வாயில ஒவ்வொண்ணா ஆச்சு. நாம 'வந்துகிட்டு'ங்கறோம். பிராமண வீடுகள்ல 'வந்துண்டு'. சென்னையிலயும் வட மாவட்டத்துலயும் 'வந்துக்கினு'. மூணும் ஒரே சொல்லோட தேய்மானம், இலக்கணமா பாத்தா எதுவும் ஒசத்தியும் இல்ல, தாழ்த்தியும் இல்ல. ஆனா காதுக்கு எப்படி விழுது பாருங்க. 'வந்துண்டு'ன்னா படிச்ச வீடு, 'வந்துகிட்டு'ன்னா சாதாரணம், 'வந்துக்கினு'ன்னா ரௌடி. அப்போ நாம தரம் பிரிச்சது சத்தத்தையா, அந்தச் சத்தம் எந்தத் தெருவுல இருந்து வருதுங்கறதையா? நான் சொல்ல வந்த விசயம் மொத்தமும் இந்த ஒரு 'கொண்டு'க்குள்ள இருக்கு.

'கீது'ன்னா கேலி பண்றாங்க, அது 'இருக்குது'தான், முன்னால உள்ளது உதுந்துபோச்சு, அவ்வளவுதான். நாம 'இருக்கிறார்கள்'ல எவ்வளவு உதுத்துட்டு 'இருக்காங்க'ன்னு சொல்றோம்! அப்புறம் இது சென்னைல மட்டும் முளைச்ச பேச்சும் கிடையாது, செங்கல்பட்டு, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் கிராமத்துல போய் கேட்டா இதுல பாதி அங்கயும் அப்படியே இருக்கும். 'குந்து', 'அப்பால' எல்லாம் நல்ல பழைய தமிழ்.

கலப்படம்னு சொல்றவங்களுக்கு: ஆமா, துறைமுக ஊரு, வந்த சனமெல்லாம் ஒரு சொல்லை விட்டுட்டுப் போயிருக்கு. நாஸ்தா, பேஜாரு, உஷாரு, கலீஜு உருது வழியா வந்தது. நைனா, டப்பு தெலுங்கு. கஸ்மாலம் சமஸ்கிருதம், அழுக்குன்னு அர்த்தம். ஆனா நீங்க வீட்டைப் பூட்டுற சாவி போர்ச்சுகீசு, தொறக்குற ஜன்னல் போர்ச்சுகீசு, துணி வைக்கிற அலமாரியும் போர்ச்சுகீசு, அதுக்கு யாரும் மூக்கைச் சுளிக்கல.

நான் மொத மொத சென்னைக்கு வந்தப்போ வியாசர்பாடில ஒரு மாடி ரூம்ல இருந்தேன். ஊர்ல என்னை ரொம்பப் பயமுறுத்தி அனுப்பிருந்தாங்க. கீழ் வீட்டு அக்கா தெனம் காலைல நான் படி எறங்குற சத்தம் கேட்டதும் கதவைத் தொறந்து "இன்னா கண்ணு, நாஸ்தா துன்னியா?"ன்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லிட்டா விடவே மாட்டாங்க, ரெண்டு இட்லியாவது பேப்பர்ல மடிச்சு கையில திணிச்சுருவாங்க. அந்த ஊர்ல என் வயித்தைப் பத்தி கேட்ட ஒரே குரல் அதுதான். அப்புறம் யாராவது சென்னைத் தமிழ் முரட்டுத் தமிழ்னு சொன்னா எனக்குக் கோவம் வந்துரும்.

கேள்வி: கோயம்புத்தூர்க்காரங்க மரியாதை, மதுரைக்காரங்க முரடு, திருநெல்வேலிக்காரங்க சண்டைக்காரங்கன்னு சொல்றாங்களே, பேச்சுலயே தெரியுதே?

பேச்சுல தெரியுறது வேற, நாம பேச்சுல போய் ஒட்டுறது வேற. கொங்குல 'ஆமாங்க, சரிங்க, இல்லீங்க'ன்னு எல்லாத்துக்கும் 'ங்க' வரும், கேக்க இதமாத்தான் இருக்கும். ஆனா அது மொழியில உள்ள ஒரு ஒட்டு, அதை வச்சு ஆளோட குணத்தை அளக்க முடியாது. பதினாலு வருசம் ஃபோன் எடுத்தவ சொல்லுதேன், கோவமான கஸ்டமர் கோயம்புத்தூர்லயும் உண்டு, 'ங்க' போட்டே நல்லா காய்ச்சி எடுப்பாங்க.

எங்க ஊரு 'லே'யை எடுத்துக்கோங்க. வெளியூர்க்காரங்களுக்கு 'ஏலே'ன்னாலே அருவா தூக்குன மாதிரி. எங்களுக்கு அது சின்ன வயசு பையனை, சேக்காளியைக் கூப்பிடுறது, பொம்பளப் பிள்ளைன்னா 'ஏட்டி'. ஆம்பளைங்க சமவயசுல பேசிக்கிறப்போ 'வே' வரும். பெரிய ஆளுன்னா அண்ணாச்சி, அவங்களைப் பத்திப் பேசுறப்போ 'வந்தாவ, சொன்னாவ'. இத்தனை படி இருக்குற பேச்சை மரியாதை இல்லாத பேச்சுன்னு சொன்னா எப்படி. மதுரைல 'வந்தாய்ங்க, போனாய்ங்க'ன்னு சொல்றது பன்மை, ஒரு கூட்டத்தைச் சொல்றது, மத்த ஊர்க்காரங்களுக்கு அது ஏதோ திட்டுற மாதிரி கேக்குது.

இதைச் சோதிச்சே பாத்திருக்காங்க. கனடாவுல மான்ட்ரியல்ல 1960 வாக்குல வாலஸ் லாம்பர்ட்னு ஒரு உளவியல்காரர், ரெண்டு பாஷையும் நல்லா பேசுறவங்களை ஒரே பத்தியை ஒருவாட்டி இங்கிலீஷ்லயும் ஒருவாட்டி பிரெஞ்சுலயும் படிக்க வச்சு ரெக்கார்ட் பண்ணி, கேக்குறவங்ககிட்ட ஒரே ஆளுன்னு சொல்லாம, இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர்னு கேட்டாரு. இங்கிலீஷ்ல பேசுறப்போ அந்த ஆளு புத்திசாலி, நம்பலாம், நல்ல உயரமா இருப்பாருன்னெல்லாம் சொல்லிருக்காங்க, அதே ஆளு பிரெஞ்சு பேசுனா மார்க்கு எறங்குது. இதுல மனசைப் பிசையுற விசயம் என்னன்னா பிரெஞ்சு பேசுற மக்களே தங்க பாஷைக்குக் கம்மியாத்தான் போட்டாங்க. நம்ம பிள்ளைங்க இன்டர்வியூவுக்குப் போறப்போ 'ஊர்ப் பேச்சு வந்துரக் கூடாது'ன்னு வேத்து விறுவிறுத்து நிக்குறதைப் பாக்குறப்போ எல்லாம் எனக்கு அந்த மான்ட்ரியல் நெனப்பு வரும்.

கேள்வி: சினிமாதான் இதைக் கெடுத்துச்சா?

கெடுத்துச்சு, சரியும் பண்ணுச்சு. ரொம்ப காலம் நாயகன் ஏதோ ஊரே இல்லாத தமிழ்ல பேசுவாரு, வேலைக்காரர், காமெடியன், ரௌடி மட்டும் வட்டார வழக்கு பேசுவாங்க. அதைப் பாத்து வளந்த காதுக்கு அந்தப் பேச்சுன்னாலே சிரிப்பு இல்லன்னா பயம். 2000த்துக்கு அப்புறம் மதுரைப் பேச்சுன்னா அருவாவும் புழுதியும்னு ஆச்சு. ஆனா 'பரியேறும் பெருமாள்' மாதிரி 2018ல ஒரு படம் வந்து, எங்க பக்கத்துப் பேச்சைப் பேசுற பையன் சட்டக் கல்லூரில உக்காந்து அழுறான், கேள்வி கேக்குறான்னு காட்டுனப்போ தியேட்டர்ல எனக்கு உள்ள ஏதோ கழண்டு விழுந்த மாதிரி இருந்துச்சு.

கேள்வி: பேச்சை வச்சு ஊரைக் கண்டுபிடிக்கிறது சும்மா விளையாட்டுதானே, இதுல என்ன தப்பு?

ஊரோட நின்னா விளையாட்டுதான். ஆனா 'எந்த ஊரு?'க்கு அடுத்து 'அங்க எந்தத் தெரு?'ன்னு வருதே, அது விளையாட்டு இல்ல. நம்ம பேச்சுல ஊரு மட்டும் இல்ல, சாதியும் ஏறி உக்காந்திருக்கு. அப்பா அம்மாவை, தாத்தாவை, தண்ணியை, வீட்டை என்ன சொல்லிக் கூப்பிடுறோம்கறதுலயே கேக்குற ஆளு கணக்குப் போட்டுருவாரு. வாடகைக்கு வீடு தேடி ஃபோன் பண்ணுனப்போ நான் ரெண்டு வரி பேசி முடிக்கிறதுக்குள்ள "வீடு போயிருச்சும்மா"ன்னு வச்சவங்க உண்டு, அதே வீட்டுக்கு மறுநாள் என் கூட வேலை பாக்குற பொண்ணு, அவங்க வீட்டுப் பேச்சு வேற, ஃபோன் பண்ணுனா "எப்ப வந்து பாக்குறீங்க"ன்னு கேட்டாங்க. அமெரிக்காவுல ஜான் பா (John Baugh)ன்னு ஒரு மொழியியல் பேராசிரியர் இதையே சோதனையா பண்ணாரு, ஒரே ஆளு மூணு விதமா இங்கிலீஷ் பேசி வாடகை வீட்டுக்கு ஃபோன் பண்ணுனா வெள்ளைக்காரங்க ஜாஸ்தியா இருக்குற ஏரியாவுல கறுப்பினத்தவர் பேச்சுக்கும் மெக்சிகோ வம்சாவளிப் பேச்சுக்கும் வீடு பாக்க வரச் சொல்றது கொறைஞ்சிருச்சு. 1999ல அது கட்டுரையா வந்துச்சு. மூஞ்சியைப் பாக்காமலே, பேரைக் கேக்காமலே ஒருத்தரைத் தள்ளி விட முடியும்.

இதைவிடக் கொடுமையும் நடந்திருக்கு. 1983 ஜூலைல இலங்கைல தமிழங்களைத் தேடி அடிச்சப்போ வழில போறவங்களை நிறுத்தி வாளிங்கறதுக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னாங்கன்னு தப்பி வந்தவங்க சொல்லிருக்காங்க. 'பால்திய'ங்கற அந்தச் சொல்லுல மொத எழுத்து தமிழ் வாயில 'வ' ஆயிரும். ஒரு எழுத்துல உசிரு.

கேள்வி: யாழ்ப்பாணத் தமிழ் மலையாளம் மாதிரி இருக்கே?

மலையாளம் இல்ல, தமிழ்தான், நம்ம காது பழகல. 'கதைக்கிறது'ன்னா பேசுறது, 'வடிவு'ன்னா அழகு, 'கெதியா'ன்னா சீக்கிரம், 'ஓம்'னா ஆமா. 'அவை வருகினம்'னா அவங்க வர்றாங்க. றகரம் ரெண்டு சேந்து வந்தா நாம 'காத்து, நேத்து'ன்னு தகரமா மாத்திட்டோம், அவங்க அந்த ஒலியைத் தனியா வச்சிருக்காங்க. அதனாலதான் இங்கிலீஷ் சொல்லை எழுதுறப்போகூட நாம 'டொரன்டோ'ன்னு எழுதுற ஊரை அவங்க 'ரொறன்ரோ'ன்னு எழுதுறாங்க, அது எழுத்துப் பிழை கிடையாது, அவங்க காதுக்குக் கேக்குற ஒலிக்குக் கிட்டத்துல உள்ள எழுத்து. ஒரு காலத்துல தமிழ்நாட்டுல வீட்டுக்கு வீடு இலங்கை வானொலி கேட்டவங்கதான் நாம, அந்த அறிவிப்பாளர்களோட தமிழை அவ்வளவு ரசிச்சோம். அதே மண்ணுல இருந்து அகதியா வந்தவங்க கடைல நின்னு பேசுனா திரும்பிப் பாக்குறோம்.

கேள்வி: 'ழ' வராதவங்க தமிழ் பேசத் தகுதி இல்லாதவங்களா?

தெக்க நிறைய எடத்துல 'ழ' 'ள' ஆயிரும், வடக்க 'ய' ஆயிரும், 'வாளப்பளம்', 'வாயப்பயம்'. யாழ்ப்பாணத்துலயும் பெரும்பாலும் 'ள'தான். மேடைல பேசுறவங்க பழகிக்கட்டும். வீட்டுல பேசுற மனுசியை நிறுத்தி நாக்கை மடின்னு சொல்லாதீங்க.

கேள்வி: இன்டர்வியூல, வேலைல ஊர்ப் பேச்சை மாத்தித்தான் ஆகணுமா?

என் மொத இன்டர்வியூல "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னாங்க, நான் "சொல்லுதேன் சார்"னு ஆரம்பிச்சேன். எதுக்க உக்காந்திருந்த ஒருத்தர் மெதுவா "சொல்லுதேன்"னு திருப்பிச் சொல்லிப் பாத்தாரு, பக்கத்துல இருந்தவங்க தலையைக் குனிஞ்சு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் என்ன பேசுனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அந்த வேலை கிடைக்கல. மூணு மாசம் ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னு 'சொல்றேன், சொல்றேன்'னு சொல்லிப் பழகுனேன்.

இப்ப நான் அந்தப் பக்க நாற்காலில உக்காந்திருக்கேன், அதனால பொறுப்பாச் சொல்றேன். பொதுவாப் புரியுற தமிழ் ஒண்ணு கையில இருக்குறது நல்லது, எல்லா ஊர் ஆளும் ஃபோன் பண்ற எடத்துல அது வேணும். ஆனா அதை ஒண்ணு கூடுதலா கத்துக்கிறதா நெனைங்க, ஊர்ப் பேச்சை அழிச்சுட்டு அது மேல எழுதாதீங்க.

போன வருசம் எங்க ஃப்ளோர்ல ஒண்ணு நடந்துச்சு. குமரி மாவட்டத்துல இருந்து ஒரு பெரியவரு கால், ரொம்பக் கோவத்துல, "எனக்க போனு நேத்து ராத்திரில இருந்து செத்துக் கெடக்கு, கேட்டியா?"ன்னு கத்துறாரு. அந்தக் கால் எடுத்த பையனுக்கும் அதே மாவட்டம்தான், மார்த்தாண்டம். ஸ்க்ரிப்டை விட்டுட்டு அவரு பேச்சுலயே "பயப்படாதீங்க, பைய ஒண்ணொண்ணா பாப்போம்"னு ஆரம்பிச்சான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "நீ எவிட மக்கா?"ன்னு ஒரு கேள்வி, எந்த ஊருன்னு கேக்குறாரு. நாலு நிமிசத்துல பிரச்சனை முடிஞ்சது. க்வாலிட்டி டீம் அந்தக் காலைக் கேட்டுட்டு 'ஸ்டேண்டர்ட் தமிழ் பேசல'ன்னு மார்க்கைக் கொறைச்சுட்டாங்க. ரெண்டு மீட்டிங் சண்டை போட்டு அந்த மார்க்கைத் திரும்ப வாங்குனேன். என் சர்வீஸ்ல நான் போட்ட சண்டைல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

கேள்வி: ஆஸ்பத்திரி மாதிரி எடத்துல இதனால பிரச்சனை வருமா?

வரும், இதை நான் கண்ணால பாத்தேன். எங்க ஆச்சியை இங்க ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ நர்ஸ் என்ன செய்யுதுன்னு கேட்டாங்க, ஆச்சி "மேலுக்குச் சொகமில்லம்மா, கால் கெடந்து உளையுது"ன்னுச்சு. எங்க பக்கம் 'மேலு'ன்னா உடம்பு, குளிக்கப் போறதைக்கூட 'மேல் கழுவப் போறேன்'னுதான் சொல்லுவோம். நர்ஸ் அதை மேல் பக்கம்னு எடுத்துக்கிட்டு "நெஞ்சுலயா, தோள்லயா?"ன்னு கேட்டாங்க. 'உளையுது'ங்கறது அவங்களுக்குப் புரியவே இல்ல. அது குத்துற வலி இல்ல, எரியுற வலி இல்ல, உள்ளுக்குள்ள எலும்போட சேந்து விடாம இழுக்குற ஒரு வலி, பொதுத் தமிழ்ல அதுக்கு எனக்கு இன்னைக்கும் ஒரு சொல்லு கிடைக்கல. நர்ஸ் நல்லவங்க, தப்பு அவங்க மேல இல்ல. நான் கூட இல்லன்னா என்ன எழுதிருப்பாங்கன்னு நெனைச்சா கொஞ்சம் பயமா இருக்கு. வேற ஊர்ல வேலை பாக்குற டாக்டர், நர்ஸுங்களுக்கு அந்தந்த ஊர் வலிச் சொல்லை ஒரு பக்கத்துல அடிச்சுக் குடுத்தாக்கூட போதும்.

கேள்வி: ஊருக்குப் போனா பேச்சு மாறிடுது, சென்னை வந்தா திரும்ப மாறிடுது. இது நடிப்பா?

நடிப்பு இல்ல, எல்லாருக்கும் நடக்கும். எதுக்க உள்ளவங்களோட நெருங்கணும்னு தோணுனா நாக்கு தானா அந்தப் பக்கம் சாயும், விலகணும்னு தோணுனா தானா நிமுந்துக்கும். எனக்கு எங்க அம்மா ஃபோன் வந்தா 'ஹலோ'ல ஒரு பேச்சு, அடுத்த வரில வேற பேச்சு. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க "உங்க அம்மாவா?"ன்னு கேப்பாங்க, திரையைப் பாக்காமலே.

கேள்வி: பிள்ளைங்களுக்கு எந்தத் தமிழைச் சொல்லிக் குடுக்கணும்?

உங்க வாயில தானா வர்றதை. ஸ்கூல் தமிழ் ஸ்கூல்ல வந்துரும், டிவித் தமிழ் டிவில வந்துரும், உங்க வீட்டுத் தமிழ் உங்ககிட்ட இருந்து மட்டும்தான் வரும். அப்பா கொங்கு, அம்மா நெல்லைன்னா ரெண்டும் பேசுங்க, கொழந்தை அப்பாகிட்ட ஒண்ணும் அம்மாகிட்ட ஒண்ணும் தானா பிரிச்சுக்கும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், பிள்ளை ஆச்சி மாதிரி ஒரு சொல்லு சொன்னா 'ஐயோ, பட்டிக்காடு மாதிரி பேசாத'ன்னு மட்டும் சொல்லிராதீங்க. அந்தச் சொல்லோட சேத்து ஆச்சியையும் அது தள்ளி வைக்கப் பழகிரும்.

கேள்வி: வட்டாரச் சொல்லெல்லாம் அழிஞ்சுட்டு வருதே, நாம என்ன பண்ண முடியும்?

பொருள் போனா சொல்லு போயிரும், அதுதான் முக்கியக் காரணம். கி. ராஜநாராயணன் கரிசக்காட்டுச் சொல்லையெல்லாம் தேடித் தேடிச் சேத்து 1982ல அகராதியாவே போட்டாரு, பெருமாள்முருகன் கொங்குக்கு 2000த்துல போட்டாரு. அதுக்கெல்லாம் பெரிய உழைப்பு வேணும். நம்ம கையில ஃபோன் இருக்கு. வீட்டுல வயசானவங்க இருந்தா உக்கார வச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, ஆனா 'பழைய சொல்லு சொல்லுங்க'ன்னு கேட்டா வராது, ஏதாவது வேலையை எப்படிச் செய்யணும்னு கேளுங்க. நாத்து நடுறது, மாடு பிடிக்கிறது, ஒரு கொழம்பு வைக்கிறது, சொல்லு தானா கொட்டும்.

நான் எங்க ஆச்சிகிட்ட கூட்டாஞ்சோறு எப்படி ஆக்கணும்னு கேட்டு ரெக்கார்ட் பண்ணேன், நாப்பத்திரண்டு நிமிசம் ஓடுது. சொளவு வருது, செரட்டை வருது, நடுவுல "கழுவுன தண்ணிய அங்கணக்குழில ஊத்திட்டு"ன்னு வருது. அடுப்படி மூலைல பாத்திரம் கழுவ, தண்ணி போக இருக்குற எடம்தான் அங்கணக்குழி. திருக்குறள்ல 720வது குறள்ல 'அங்கணத்துள் உக்க அமிழ்து'ன்னு வர்றது அதே அங்கணம்தான், எங்க ஆச்சிக்கு அது குறள்ல இருக்குன்னு தெரியாது, குறளைப் படிச்ச எனக்கு அது எங்க அடுப்படில இருக்குன்னு அத்தனை வருசம் தோணல. எங்க அபார்ட்மென்ட்ல அங்கணக்குழி கிடையாது, ஸ்டீல் சிங்க்தான். என் மகளுக்கு ஆறு வயசு, அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டுக் கேட்டு இப்ப அவ சிங்க்கைத்தான் அங்கணக்குழின்னு சொல்லுதா.